பழைய ஹெரால்டில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று ஏன் போகிறது?

உங்கள் கேள்வி நீளமானது. மற்றவர்களும் தொடர்ந்து படிக்க வசதியாக முதலில் அதைச் சுருக்கிவிடுகிறேன். அப்பா ஓட்டிய 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, நாலு கதவு வண்டி, கும்பகோணத்தில் கொட்டகைக்குள் பல வருடம் சும்மா நின்றது. போன வருடம் அதை எழுப்பினீர்கள். வேலை எல்லாம் வார இறுதியில்தான். ஸ்பார்க் உண்டாக்கும் பாகங்களான பிளக், பாயிண்ட், கண்டென்சர், காயில், அதோடு பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாகப் போட்டீர்கள். இப்போது இருபது நிமிடம் ஓடினதும் இன்ஜின் நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. முன் வீல் சிலிண்டர்களை மாற்றினீர்கள், கொஞ்ச நாளில் பிரேக் பெடல் தரைக்குப் போக ஆரம்பித்தது. பானெட்டுக்குப் பெயிண்ட் அடித்தீர்கள், ஹெட்லைட் மங்கிவிட்டது. இன்ஜினோடு மேனிஃபோல்டு குழாயைப் பிடித்திருக்கும் தலையில்லாத போல்ட், அதாவது ஸ்டட் ஒன்று ஸ்பேனரோடு முறிந்து வந்துவிட்டது. வீட்டில் "இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். "ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போகிறது, எனக்குக் கை சரியில்லையா, இல்லை இந்த வண்டியே இப்படித்தானா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

நான்கு கோளாறுக்கு வைத்தியம் கேட்பதுபோல் இருந்தாலும், நீங்கள் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். கை சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் கோளாறுகளில் பெரும்பாலானவை முந்தைய ரிப்பேரின் நேரடி விளைவு. தற்செயலாக வந்தவை இல்லை. எதனால் எது வந்தது என்று தொடர்பு பிடித்துவிட்டால் எரிச்சல் பாதி அடங்கும். நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, நீண்ட காலம் பட்டறையில் பியட், அம்பாசிடர், ஹெரால்ட் என்று பழைய வண்டிகளோடு கிடந்தவன். இன்ஜின், பிரேக், ஒயரிங் பற்றித் தைரியமாகப் பேசுவேன். டிங்கரிங், பெயிண்ட் என் தொழில் இல்லை, அதில் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டியைப் பார்க்காமல் சொல்வதால், எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஆறுதல். வீட்டில் வைத்து வேலை செய்ய இதைவிட நல்ல பழைய கார் இந்தியாவில் கிடையாது என்பது என் கட்சி. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டாக வந்த வண்டி. இத்தாலியரான மிக்கலாட்டி வரைந்த உடல். சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1960களில் இருந்து இங்கேயே செய்தார்கள். தனி சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இறக்கிய பாடி. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னால் கவிழும். கவிழ்த்துவிட்டு முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம், முதுகு வலிக்காது. 948 சிசி இன்ஜின், சோலெக்ஸ் கார்புரேட்டர், லூகாஸ் கம்பெனியின் எளிமையான ஒயரிங். அப்படி இருந்தும் இந்த வண்டி ஆளைப் படுத்துகிறது என்றால், அதற்கு இரண்டு காரணம். ஒன்று, எல்லாப் பாகங்களுக்கும் ஒரே வயது. ஒன்றைப் புதிதாக்கினால் சுமை அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகிறது. இன்னொன்று, நாம் ஒரே நாளில் ஐந்து மாற்றங்களைச் செய்துவிட்டு ஆறாவது நாள் எதைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறோம்.

பிரேக்கில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் இன்ஜினில் ஆரம்பித்தீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், சத்தம் வந்தால் சந்தோஷம். ஆனால் ஓடாத வண்டியால் யாருக்கும் ஆபத்து இல்லை, நிற்காத வண்டிதான் ஆபத்து. அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக் லைன் ஒரே சர்க்யூட். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரத்துக்கும் ஒன்றுதான், ஒரே அறை. எங்கே ஒரு இடத்தில் கசிந்தாலும் நான்கும் போய்விடும், மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும். அதனால் பெடல் சரியாகும்வரை வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். இதில் பேரம் கிடையாது.

இப்போது உங்கள் பெடல். வீல் சிலிண்டர் மாற்றினபின் காற்று எடுக்க, மகனை உட்கார வைத்துப் பெடலைத் தரைவரை பல தடவை மிதிக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாதாரணமாக ஓட்டும்போது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் உள்ளே பாதி தூரம்தான் போய்வரும், அந்தப் பாதி வழவழவென்று இருக்கும். மீதிப் பாதியில் பல வருட ஈரத்தில் துருவும் பிசினும் படிந்திருக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது, அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கித் துரு பிடிக்க வைக்கும். காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை அழுத்தினால், ரப்பர் வாஷர் இதுவரை போகாத அந்தச் சொரசொர பகுதியில் உரசிக் கிழிகிறது. முதல் கொஞ்ச நாள் தெரியாது, அப்புறம் பெடல் மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். இது பழைய பட்டறைகளில் அன்றாடம் பார்ப்பது. காற்று எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்து, முழுத் தூரம் போகாமல் தடுப்பது அதற்காகத்தான்.

உறுதி செய்துகொள்ள பெடலையே கேளுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு மிதித்துப் பிடியுங்கள். காலுக்கு அடியில் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால், ஆயில் மட்டமும் குறையாமல் இருந்தால், மாஸ்டர் சிலிண்டர் வாஷர்தான். பஞ்சுபோல் அமுங்கித் திரும்பினால் லைனில் காற்று. முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே இரண்டாவது மிதியில் மேலே வந்து கல்போல் நின்றால், ஹைட்ராலிக்கில் கோளாறே இல்லை, ஷூ டிரம்மில் இருந்து தள்ளி நிற்கிறது, அட்ஜஸ்ட் செய்யவேண்டும். இந்த வண்டியில் பின் சக்கர அட்ஜஸ்டர் நாலு மூலைக் கட்டையாக வெளியே நீட்டியிருக்கும். அதைச் சாதாரண ஸ்பேனரில் திருப்பி மூலையை மழுக்கிவிடாதீர்கள், அதற்கென்றே சதுர வாய் ஸ்பேனர் உண்டு. ஆயில் மட்டம் குறைகிறது என்றால் மட்டும் நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். அப்போது உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயாலோ ஏர் அடித்தோ ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் துடைத்து, துணியோடு கட்டிப் போட்டுவிடுங்கள்.

சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களையும் இதோடு மாற்றிவிடுங்கள். அவை வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கித் துவாரம் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு டிரம் சுடும். எல்லோரும் வீல் சிலிண்டரைத் திட்டுவார்கள், குற்றவாளி ஹோஸ்.

ஹெட்லைட் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, எர்த் போயிருக்கிறது. இந்த வண்டியில் பானெட் முழுவதும் இரண்டு கீலில் தொங்குகிறது, விளக்குகள் அதில்தான் இருக்கின்றன. கரண்ட் திரும்பி பாட்டரிக்கு வர, பானெட்டில் இருந்து பாடிக்கு ஒரு கறுப்பு ஒயர் போல்ட்டோடு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பெயிண்டர் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தின் மேலும் சேர்த்துப் பெயிண்ட் அடித்து, மறுபடி அதன் மேலேயே போல்ட்டைப் போட்டிருப்பார். பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது. கீல் வழியாகவும் கிரீஸ் வழியாகவும் தட்டுத் தடுமாறிப் போகும், அதனால்தான் இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் கூடவே துடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட்டில் வைத்து, ஹெட்லைட் எரியும்போது ஒரு முனையை பாட்டரியின் எர்த் முனையிலும் இன்னொரு முனையை விளக்கின் கறுப்பு ஒயர் சேரும் இடத்திலும் வையுங்கள். கால் வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் அந்த ஒன்றரை வோல்ட்டைத்தான் உங்கள் விளக்கு இழக்கிறது. போல்ட் உட்காரும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாள் போட்டு, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பாடியே பல துண்டு என்பதால், டிக்கி விளக்குக்கும் இதே கதை ஒருநாள் வரும்.

இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பின்னல் கம்பியில் ஒரு எர்த் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டை இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் முழுவதும் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் சூடாகிப் புகையே வரும். ஒயரிங் பற்றி இன்னும் ஒன்று. லூகாஸ் நிறங்களுக்குக் கணக்கு உண்டு: பிரவுன் எப்போதும் உயிரோடு இருக்கும், வெள்ளை சாவி போட்டால், பச்சை சாவி போட்டபின் ஃபியூஸ் வழியாக, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். யாரோ நடுவில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருந்தால், அதைப் பிரித்துச் சரியான நிறத்தில் மாற்றும்வரை வேறு எதையும் தேடாதீர்கள். புது பாட்டரி வைக்கும் முன், எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். இந்தத் தலைமுறை ஆங்கில வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, நடுவில் யாராவது மாற்றியும் இருப்பார்கள்.

சூடானால் நிற்பது, இதில்தான் எனக்கு உறுதி இல்லை. மூன்று சந்தேகங்கள். என் முதல் சந்தேகம் நீங்கள் புதிதாகப் போட்ட கண்டென்சர். ஆச்சரியமாக இருக்கலாம், ஆனால் இப்போது கடையில் கிடைக்கும் கண்டென்சர்களின் தரம் மிகவும் ஏறுமாறானது. குளிர்ச்சியாக இருக்கும்போது வேலை செய்து, சூட்டில் செத்து, ஆறினதும் பிழைத்துக்கொள்ளும். காயிலும் இப்படிச் செய்யும். பழைய கண்டென்சரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதையே திரும்பப் போட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். புதுப் பாகம் நல்லதென்று நிரூபிக்கும்வரை பழையதை டப்பாவில் போட்டு வைப்பது என் பழக்கம். பாயிண்ட் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.4 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். புது பாயிண்ட்டின் தேய்மானக் கட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில் சீக்கிரம் தேயும், கேமில் ஒரு சொட்டு கிரீஸ் வைக்காவிட்டால் இன்னும் வேகமாகத் தேயும். தேயத் தேய இடைவெளி மூடிக்கொள்ளும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபில்லர் கேஜ் வைத்து மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, பெட்ரோல். இந்த இன்ஜினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் சூட்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் உடைந்த ஸ்டட் அந்த மேனிஃபோல்டில் என்றால், கேஸ்கெட் சரியாக இறுகாமல் எக்ஸாஸ்ட் அந்தப் பக்கமே கசிந்து கார்புரேட்டரை இன்னும் சூடாக்கலாம். இன்லெட் பக்கம் காற்று இழுத்தால் கலவையும் மெலியும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறையும். இதோடு, இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைகளான பழைய ஜெட்டுகள் சுத்த பெட்ரோலுக்கு அளந்தவை. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை சுமார் எட்டு சதவீதம் மெலிகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, எத்தனால் டேங்கின் அடியில் பல வருடமாக ஒட்டியிருந்த பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும், அது போய் ஜெட்டில் உட்காரும். சாதாரண ரப்பர் ஹோஸையும் ஊறவைத்து மென்மையாக்கும். கடையில் "பெட்ரோல் ஹோஸ்" என்று மட்டும் கேட்காமல், மேலே ஜே30ஆர்9 என்று அச்சடித்ததாகப் பார்த்து வாங்குங்கள், உள்சுவர் எத்தனாலைத் தாங்கும். ஏசி கம்பெனியின் பெட்ரோல் பம்பில் இருக்கும் டயஃப்ரமும் பழசு. அது கிழிந்தால் பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் ஓட்டாமல் நிறுத்தி, பம்பையும் ஆயிலையும் மாற்றுங்கள்.

மூன்றாவது, எல்லோரும் மறப்பது, பெட்ரோல் டேங்க் மூடியின் காற்று ஓட்டை. குளவி கூடு கட்டியிருக்கும், இல்லை பெயிண்ட் அடைத்திருக்கும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியாது. கால் மணி, இருபது நிமிடம் என்று ஒழுங்காக ஓடி நிற்கும் வண்டிகளில் இது பலமுறை காரணமாக இருந்திருக்கிறது. நம்மூர் வெயிலில் வண்டி நின்றால் உடனே "ஏர் லாக்" என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார்கள். பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைக்கும் அந்த ஏர் லாக் உண்டுதான், ஆனால் நான் பார்த்த வண்டிகளில் அப்படிச் சொல்லப்பட்டதில் பாதிக்கு மேல் கரண்ட் கோளாறு.

ஸ்டட் பற்றி. உங்கள் டூல் செட் மில்லிமீட்டர் செட் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வண்டி முழுவதும் இஞ்ச் கணக்கு, பெரும்பாலும் யுஎன்எஃப் என்ற நெருக்கமான புரி. ரெண்டரை நூல் (5/16 இஞ்ச்) போல்ட்டின் தலை அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். உங்கள் 13ஆம் நம்பர் ஸ்பேனர் உட்காரும், ஆனால் லேசாக ஆடும், துரு பிடித்த நட்டில் அந்த ஆட்டமே மூலையை மழுக்கப் போதும். 7/16க்கு 11 நுழையாது, 12 தொளதொள. அரை, 7/16, 9/16 இந்த மூன்று ரிங் ஸ்பேனரை மட்டும் நல்லதாக வாங்கினாலே வண்டியின் பெரும்பகுதியைக் கழற்றலாம். இதைவிட மோசமானது புரி. ரெண்டரை நூல் என்றால் விட்டம் 7.94 மில்லிமீட்டர், எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர். எம்8ஐ அந்த ஓட்டையில் வைத்தால் ஒன்றிரண்டு சுற்று சமர்த்தாகப் போகும். யுஎன்எஃப்பில் ஒரு இஞ்சுக்கு 24 புரி, எம்8இல் கிட்டத்தட்ட 20. மூன்றாவது சுற்றில் இறுகும், "துரு" என்று நினைத்து இன்னும் அழுத்துவோம், உள்ளே புரி மொத்தமாக நாசம். உங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்த ஸ்டட்டில் இதைச் செய்திருக்க நல்ல வாய்ப்பு. பக்கத்து ஸ்டட்டில் ஒரு நட்டைக் கழற்றிப் புரிகேஜ் வைத்துப் பாருங்கள்.

முறிந்ததில் துளை போட்டு உள்ளே திருகி வெளியே எடுக்க, கடையில் ஈஸி அவுட் என்ற கருவி விற்பார்கள். மெல்லிய ஸ்டட்டில், அதுவும் எக்ஸாஸ்ட் சூட்டில் வெந்துபோன ஸ்டட்டில், அதைப் போடாதீர்கள். அது கடினமான எஃகு, உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது, அப்புறம் ஹெட்டையே கழற்றி மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இடிஎம் மெஷின் இருக்கும் டூல் ரூமுக்குக் கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கம் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டிலேயே துரு விட்டுவிடும், சிவப்பு மறைந்தபின் ஸ்பேனரில் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டினால் வந்துவிடும். வெல்டர் வருவதற்கு முன் பாட்டரியையும் டைனமோ ஒயரையும் கழற்றிவிடுங்கள், பெட்ரோல் இருக்கும் எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள். மற்ற ஸ்டட்களுக்கு, கழற்றும் முந்தின நாளில் இருந்தே துருவுக்கான எண்ணெயை விட்டு ஊறவையுங்கள். முதலில் கழற்றும் பக்கம் இல்லாமல், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள். துருவின் பிடி உடைவது பெரும்பாலும் அந்த அசைவில்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அது முக்கியம். முன் சக்கரத்தின் கீழ்ப்பக்கம், சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டு ஒரு வெண்கலக் கட்டையில் புரி போட்டு இறங்கியிருக்கும், டிரனியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்தப் புரியில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு ஹைப்பாய்டு கியர் ஆயில், இபி 90 போட வேண்டும் என்று கம்பெனி கையேடே சொல்கிறது. அந்த இடத்தில் நிப்பிளைப் பார்த்ததும் நம்மூர் சர்வீஸ் ஸ்டேஷனில் பழக்க தோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் புரியின் அடிவரை இறங்காது, காய்ந்து கெட்டியாகி, பின்னால் விடும் எண்ணெயையும் தடுக்கும். ஈரம் சேர்ந்து புரியின் வேர் துருப்பிடித்து, ஒருநாள் மெதுவாகத் திரும்பும்போது முறியும், சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். பல வருடம் நின்ற வண்டி என்பதால், இரண்டு பக்கமும் கழற்றிப் புரியைக் கண்ணால் பார்க்காமல் ரோட்டில் ஓட்டவேண்டாம். மேடு பள்ளமாக அரித்திருந்தால் புதிதுதான். நல்ல செய்தி, டிரையம்ப்பின் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் வண்டிகளிலும் இதே அடிப்படையிலான முன் சஸ்பென்ஷன் என்பதால் இங்கிலாந்தில் இன்னும் செய்து விற்கிறார்கள், தபாலில் வாங்கலாம். அங்கே கிடைக்காதது உங்கள் நாலு கதவுக்கான பின் கதவு, அதன் ரப்பர், கண்ணாடி. நாலு கதவு ஹெரால்ட் இங்கே மட்டும் செய்தது. அதற்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகள்தான், இல்லை உங்களைப்போல் இன்னொருவரின் கொட்டகைதான்.

பழைய ஸ்டாக் வாங்கும்போது ஒரு விதி. அன்றைய டப்பாவில் இருக்கும் பழைய இரும்புப் பாகம் தங்கம், தைரியமாக வாங்குங்கள். அதே டப்பாவில் இருக்கும் ரப்பர் பாகம் உங்கள் வண்டியில் இருப்பதற்குச் சமமான கிழம், பார்க்கப் புதிதாக இருக்கும், வளைத்தால் வெடிக்கும். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் நல்ல அளவில் கிடைக்கவில்லை என்றால், பழையதைக் கோயம்புத்தூர் மாதிரி ஊரில் ஒரு நல்ல லேத்தில் கொடுத்து, உள்ளே பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடச் சொல்லலாம். சரியாகச் செய்தால் புதிதைவிட நாள்பட உழைக்கும்.

இனி, விடுவதா தொடர்வதா என்பது. என் அபிப்பிராயம், மொத்தமாக ஒரு பட்டறையில் விட்டுவிடாதீர்கள், மொத்தமாக நீங்களே செய்யவும் நினைக்காதீர்கள். ஒயரிங், கார்புரேட்டர், டியூனிங், பிரேக் அட்ஜஸ்ட்மெண்ட், டிரனியன் எண்ணெய், இவை உங்களுடையவை. இவற்றுக்குத் தேவை பொறுமை, அது பட்டறையில் மணிக்கணக்கில் விற்பது, உங்களிடம் சும்மா இருக்கிறது. டிரம் கடைதல், ஸ்லீவ் போடுதல், சேஸிஸ் வெல்டிங், முறிந்த ஸ்டட், இவை வெளியே. சேஸிஸில் பாடியைத் தாங்க வெளியே நீளும் கைகள் அரித்திருந்தால் அதை நல்ல வெல்டரிடமே விடுங்கள். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஹாலோ பிளாக்கும் வேண்டாம், அது சொல்லாமல் உடையும். இரண்டு இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள். சனிக்கிழமை சாயங்காலம் எதையும் புதிதாகக் கழற்ற ஆரம்பிக்காதீர்கள். உடைந்தால் ஞாயிறு கடை இருக்காது, வண்டி ஒரு வாரம் ஜாக்கியில் நிற்கும், அந்த வாரம்தான் வீட்டில் இரும்புக்கடைப் பேச்சு வரும். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம், அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்த வாரத்துக்கு இவ்வளவு போதும். ஸ்டட்டை வெல்டரிடம் காட்டுங்கள், பானெட் எர்த்தைத் தேய்த்து இறுக்குங்கள், பெடலை மிதித்துப் பிடித்து மூன்றில் எது என்று பாருங்கள். பிரேக் சரியாகும்வரை சூட்டுக் கோளாறை நின்ற இடத்திலேயே சோதிக்கலாம், ஓட்ட வேண்டியதில்லை. கொட்டகைக்கு வெளியே திறந்த இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஓடவிடுங்கள். நின்றதும், முதலில் ஒரு உதிரி பிளக்கை, பிளக்குக்குக் கரண்ட் கொண்டுவரும் தடித்த ஹெச்டி ஒயரில் மாட்டி இன்ஜின் பாடியில் படும்படி வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி ஸ்பார்க் பாருங்கள். சுள்ளென்று நீலமாக அடிக்கிறதா, மஞ்சளாகச் சோகையாகவா, இல்லவே இல்லையா. சுத்தமாக இல்லை என்றாலோ மஞ்சள் என்றாலோ பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். நீலம் என்றால் டேங்க் மூடியைத் திறங்கள், உஸ் என்று காற்று உள்ளே போகிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் பம்பின் மேலும் பெட்ரோல் குழாயின் மேலும் ஈரத்துணியைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகிறதா பாருங்கள். ஸ்பார்க்கின் நிறம், மூடிச் சத்தம், துணி போட்டபின் நடந்தது, இந்த மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். கழற்றின நான்கு பிளக்கையும் வரிசை மாறாமல் அடுக்கி ஒரு போட்டோவும் போட்டால், கலவை மெலிந்திருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்கிறேன்.